நூறா, பத்தாயிரமா?

தெற்கத்தி அறிவியல் – வரலாற்றுத் தொடர்: 16

சென்ற இதழில் இயற்பியலர் கே. எஸ். கிருஷ்ணனை டாக்காவில் விட்டுவந்தோம். படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டுக் காந்தப்புலத்துக்குள் வைப்பார். அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று பார்த்து, படிகத்தின் எந்தத் திசை காந்தத்தை எவ்வளவு விலக்குகிறது என்று கணக்கிடுவார். 1933-இல் கல்கத்தாவுக்குத் திரும்பி, இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக அமர்ந்த அவர் ஆராய்ந்த பொருள்களில் ஒன்று கிராஃபைட். பென்சிலுக்குள் இருக்கும் அதே கரி. இந்த இதழில் அந்தக் கரிக்குள் மின்சாரம் பாய்கிறது.

1939-இல் கிருஷ்ணனும் என். கங்கூலியும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். கிராஃபைட் படிகத்தில் அடுக்குகளின் ஊடே மின்சாரம் ஓடுவது எளிது, அடுக்குகளுக்குக் குறுக்கே போவது கடினம் என்பதே அதன் செய்தி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் பத்தாயிரம் மடங்கு என்று அளந்து சொன்னார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1947 மே மாதம், கனடாவிலிருந்து வேறொரு கட்டுரை வந்தது. எழுதியவர் பிலிப் ரஸ்ஸல் வாலஸ். அவர் எந்தப் படிகத்தையும் அளக்கவில்லை. கரி அணுக்களின் அடுக்கத்தை எடுத்துக்கொண்டு, அதில் எலக்ட்ரான்கள் எப்படி ஓட வேண்டும் என்று காகிதத்தில் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடை சுமார் நூறு மடங்கு.

கருவி சொன்னது பத்தாயிரம், கணக்கு சொன்னது நூறு. யார் சொன்னது சரி? கரியின் மின்கடத்தலில் கணக்கும் கருவியும் மோதிக்கொண்டது அத்தோடு நிற்கவில்லை. எண்பது ஆண்டுகளாக வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு எண்களோடு அது தொடர்ந்து நடக்கிறது. நம் காந்திகிராமம் வரை அதன் கிளை ஒன்று வந்திருக்கிறது.

வத்திராயிருப்பிலிருந்து கல்கத்தாவுக்கு

கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்பில் பிறந்தவர். திருவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி. சி. வி. ராமனோடு அவர் செய்த ஒளிச்சிதறல் வேலையை உலகம் அறியும். கிராஃபைட்டில் அவர் செய்ததை அறிந்தவர்கள் குறைவு.

கிராஃபைட்டின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். கரி அணுக்கள் அறுகோணங்களாகக் கைகோத்து ஒரு தாள் ஆகின்றன. தாளுக்குள் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர், பிணைப்பு மிக உறுதியானது. தாள்மேல் தாள் அடுக்கினால் கிராஃபைட். தாளுக்கும் தாளுக்கும் இடைவெளி 0.335 நானோமீட்டர், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே பிணைப்பு மிகத் தளர்வு. அதனால்தான் ஒரு தாள் இன்னொன்றின்மேல் வழுக்கிப்போகும். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி இறுகிப்போகும் பூட்டுகளுக்குக் கிராஃபைட் தூள் போடுவது இந்த வழுக்கலை நம்பித்தான். திண்டுக்கல் பூட்டு ஊர்க்காரர்களான நமக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. சாவியை எளிதாகத் திரும்பவைக்கும் அதே தளர்ச்சிதான், மின்சாரம் ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குத் தாவுவதைத் தடுக்கிறது.

கிருஷ்ணன் ஏற்கெனவே கிராஃபைட்டின் காந்த விலக்கம் தாள்களுக்குக் குறுக்கே சுமார் நாற்பது மடங்கு அதிகம் என்று கண்டிருந்தார். எலக்ட்ரான்கள் தாளுக்குள் தடையின்றிச் சுற்றுகின்றன, குறுக்கே நகர இயலாமல் நிற்கின்றன என்று அது காட்டியது. மின்சாரத்திலும் அது தெரிய வேண்டுமல்லவா? தெரிந்தது, காந்தத்தில் கண்டதைவிடப் பன்மடங்கு பெரிதாக.

குறுக்கே அளப்பது ஏன் கடினம்?

தாளின் ஊடே அளப்பதில் பெரிய சிக்கல் இல்லை. குறுக்கே அளப்பதுதான் தொல்லை. படிகச் செதிலோ மிக மெல்லியது. மேல்முகத்தில் ஒரு மின்முனை, கீழ்முகத்தில் ஒரு மின்முனை வைக்க வேண்டும். முனை சிறியதாக இருந்தால் மின்சாரம் நேரே இறங்காமல் முதலில் பக்கவாட்டில் பரவும். முகம் முழுவதையும் மூடும் முனை வைத்தால் அந்தத் தொல்லை தீரும், வேறொன்று முளைக்கும்.

உண்மையான வேறுபாடு பத்தாயிரம் மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். செதிலுக்குள் தாள்கள் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால் என்ன ஆகும்? குறுக்கே போகும் மின்சாரத்தோடு, தாளின் ஊடே எளிதாக ஓடும் மின்சாரத்தின் ஒரு சிறு பங்கும் கலக்கும். ஒரு பாகை சைனின் வர்க்கம் சுமார் 0.0003. அதைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் 3. குறுக்குக் கடத்தல் 1 என்று காட்ட வேண்டிய கருவி 4 என்று காட்டும். பத்தாயிரம் மடங்கு வேறுபாடு இரண்டாயிரத்து ஐந்நூறாகச் சுருங்கும். ஆறு பாகை சாய்ந்திருந்தால் நூறுக்கும் கீழே இறங்கிவிடும். கண்ணுக்குத் தட்டாத சாய்வு, எண்ணையே நூறில் ஒரு பங்காக்கிவிடுகிறது.

எதிர்த்திசையிலும் பிழை வரலாம். செதிலைப் பிளக்கும்போது உள்ளே தாள்கள் லேசாகப் பிரிந்து கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்தால், குறுக்குத் தடை பொய்யாகக் கூடும், நூறு பத்தாயிரமாகிவிடும். ஆக, கருவி காட்டும் எண்ணில் பாதி கரியின் குணம், பாதி அந்தச் செதிலின் குணம்.

சாக் ரிவரில் ஒரு கணக்கு

வாலஸுக்குக் கிராஃபைட்மேல் அக்கறை வந்த காரணம் வேறு. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் ஃபெர்மி முதல் அணு உலையை இயக்கியபோது, நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கிராஃபைட் கட்டிகளைத்தான் அடுக்கியிருந்தார். அணுத்திட்டங்களில் இருந்த இயற்பியலர் எல்லாருக்கும் கரி திடீரென்று முக்கியப் பொருளாயிற்று. கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தில் இருந்த வாலஸ் அதன் எலக்ட்ரான்களைக் கணக்கிட உட்கார்ந்தார்.

முழுக் கிராஃபைட் சிக்கலானது. ஆகவே முதலில் ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டார். அப்படியொரு ஒற்றைத் தாள் தனியாக இருக்க முடியும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. கணக்கைத் தொடங்குவதற்கான ஒரு படி, அவ்வளவே. ஆனால் அந்தப் படியில் ஒரு விந்தை கிடைத்தது. சில இடங்களில் எலக்ட்ரானின் ஆற்றல் அதன் உந்தத்துக்கு நேர்விகிதமாக ஏறுகிறது. ஒளித்துகளுக்கு உள்ள விதி அது. வேகம் மட்டும் ஒளியைவிட முந்நூறு மடங்கு குறைவு: விநாடிக்கு சுமார் ஆயிரம் கிலோமீட்டர். நிரம்பிய ஆற்றல் பட்டையும் காலியான பட்டையும் ஒரே புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன. உலோகம் என்றும் சொல்ல முடியாது, காப்பான் என்றும் சொல்ல முடியாது.

மின்கடத்தலைக் கணக்கிட இன்னொன்றும் தேவைப்பட்டது. எலக்ட்ரான் எதிலும் மோதாமல் எவ்வளவு தூரம் ஓடும்? அதை வாலஸ் ஊகமாகத்தான் வைத்தார். ஊகத்தை மறைக்கவும் இல்லை. கட்டுரைச் சுருக்கத்திலேயே சொல்லிவிட்டார். நூறு என்ற விடைக்குள் அந்த ஊகமும் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் இந்த வழக்கின் சுவையான கட்டம். 1953-இல் கல்கத்தாவிலேயே ஏ. கே. தத்தா மீண்டும் அளந்தார். கிருஷ்ணன் பக்கமே சாட்சி சொன்னார். 1950-களின் நடுவில் அமெரிக்காவில் பிரைமாக் என்பவரும் கூட்டாளிகளும் வேறு இயற்கைப் படிகங்களை அளந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நூறை ஒட்டிய எண். கணக்கும் கருவியும் கைகுலுக்கிவிட்டன, வாலஸ் வென்றார் என்று பலரும் எண்ணினார்கள்.

1960-களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உப்பெலோடே என்பவரின் குழுவினர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் தாள்களை நேராக அடுக்கிச் செயற்கைக் கிராஃபைட் செய்யத் தொடங்கினார்கள். அதில் அளந்தால் வேறுபாடு மீண்டும் ஆயிரக்கணக்கில் ஏறியது. நூறு என்ற ஒப்புதல் ஆட்டம் கண்டது.

ஒத்துப்போன எண்ணே உண்மை என்று அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஊகம் கலந்த ஒரு கணக்கும் குறை கலந்த ஒரு படிகமும் தற்செயலாக ஒரே எண்ணில் வந்து நின்றால்கூட, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒப்புதலாகவே தெரியும். கிருஷ்ணன் 1947-இலேயே டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராகிவிட்டார், 1961-இல் காலமானார். ஒற்றைத் தாளைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை.

ஒட்டுப்பட்டையில் வந்த தாள்

2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவசெலோவும் சாதாரண ஒட்டுப்பட்டையால் கிராஃபைட்டைத் திரும்பத் திரும்ப உரித்தார்கள். கடைசியில் ஓரணுத் தடிமன் கொண்ட தாள் கிடைத்தது. வாலஸ் கணக்குக்காக வைத்துக்கொண்ட தாள் கையில் வந்துவிட்டது. அதற்குக் கிராஃபீன் என்று பெயர். 2010-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இனிக் குறுக்கே அளக்கும் தொல்லை இல்லை. குறுக்கே எதுவுமே இல்லையே! கணக்கும் கருவியும் ஒரே தாளைப் பற்றிப் பேசுகின்றன என்று எல்லாரும் நம்பினார்கள். 2005 நவம்பரில் மான்செஸ்டர் குழுவும், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிலிப் கிம் குழுவும் ‘நேச்சர்’ இதழில் அடுத்தடுத்துத் தங்கள் அளவுகளை வெளியிட்டார்கள். எலக்ட்ரான் ஒளித்துகள்போல ஓடுகிறது என்ற வாலஸின் விதி நிலைநாட்டப்பட்டது. ஒரே ஒரு எண் மட்டும் பொருந்தவில்லை.

தாளுக்கு அடியில் மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரான்களைக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு பட்டைகளும் தொடும் புள்ளிக்குக் கொண்டுவந்தால் ஓடுவதற்கு எலக்ட்ரானே இல்லை. கடத்தல் பூச்சியமாக வேண்டும். ஆகவில்லை. ஒரு குறைந்தபட்சக் கடத்தல் எஞ்சி நின்றது. கணக்குப் போட்டவர்கள் அதையும் எதிர்பார்த்தவர்களே. எஞ்சுவது எவ்வளவு என்பதில்தான் தகராறு.

இந்த உலகில் கடத்தலுக்கு இயற்கையே ஓர் அலகு வைத்திருக்கிறது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை வர்க்கமாக்கிப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் அது கிடைக்கும். மின்தடையாகச் சொன்னால் 25,813 ஓம். மான்செஸ்டர் கருவிகள் காட்டிய குறைந்தபட்சக் கடத்தல் அந்த அலகுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. கோட்பாடு சொன்னது நான்கைப் பையால் வகுத்த மடங்கு, அதாவது 1.27. ஒரு சதுரத் துண்டின் தடையாகச் சொன்னால், கருவிக்கு சுமார் 6,450 ஓம், கணக்குக்கு சுமார் 20,270 ஓம். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் அந்தப் பை எங்கேயோ காணாமற்போயிருந்தது. ‘காணாமற்போன பை’ என்றே 2007-இல் கெய்மும் நோவசெலோவும் ஒரு மதிப்புரையில் அதைக் கேலியும் கவலையுமாகக் குறிப்பிட்டார்கள்.

தரிசில் தேங்கிய நீர்

முதல் துப்பு கிம் குழுவிடமிருந்து 2007-இல் வந்தது. பல துண்டுகளை அளந்தபோது எல்லாமே நான்கு காட்டவில்லை. சில இரண்டு, சில பத்துக்கும் மேல். நான்கு என்பது இயற்கையின் மாறிலி இல்லை. துண்டுக்குத் துண்டு மாறும் எண்.

அதே ஆண்டு மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஷஃபீக் ஆடம், சங்கர் தாஸ் சர்மா முதலியோர் ஒரு விளக்கம் தந்தார்கள். கிராஃபீன் சிலிக்கன் ஆக்சைடின் மேல் கிடக்கிறது. அந்த ஆக்சைடில் மின்னூட்டம் கொண்ட மாசுகள் சிக்கியிருக்கின்றன. அவை மேலே உள்ள தாளில் எலக்ட்ரான்களை ஓரிடத்தில் இழுக்கும், ஓரிடத்தில் விரட்டும். சராசரி பூச்சியம் என்று கருவி சொல்லும் வேளையிலும் எந்த இடத்திலும் உண்மையில் பூச்சியம் இராது. கோடை மழை பெய்த மறுநாள் வேடசந்தூர்ப் பக்கத்துத் தரிசைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: தூரத்திலிருந்து சமதரையாகத் தெரிந்த நிலம் முழுக்க ஆங்காங்கே நீர் தேங்கி நிற்கும். 2008-இல் யாக்கோபி, ஸ்மெட், ஃபான் கிளிட்ஸிங் குழுவினர் நுண்ணிய மின்னூட்ட உணரியைத் தாள்மேல் நகர்த்தி அந்தத் தேக்கங்களைப் படமாகவே எடுத்துவிட்டார்கள். சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் கோடி என்ற அளவில் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கூடி, பக்கத்திலேயே குறைந்து கிடந்தன.

இரண்டாம் துப்பு துண்டின் வடிவம். 1.27 என்ற எண், மாசற்ற, நீளம் குறைந்து அகலம் மிகுந்த தாளுக்குப் போட்ட கணக்கு. கலிஃபோர்னியாவில் மியாவ், லாவ் குழுவினர் 2007-இல் அப்படியே சிறிதும் அகலமுமான துண்டுகளைச் செய்து அளந்தபோது கோட்பாட்டு எண்ணை ஒட்டி விடை வந்தது. பெரிய துண்டுகளில் வரவில்லை. ஆக, கணக்கும் பிழையில்லை, கருவியும் பிழையில்லை. இரண்டும் வெவ்வேறு தாள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன.

அதன்பின் தாளைத் தூய்மையாக்கும் போட்டி தொடங்கியது. 2008-இல் அடித்தளத்தை அரித்தெடுத்துத் தாளை அந்தரத்தில் தொங்கவிட்டார்கள். 2010-இல் கொலம்பியாவில் போரான் நைட்ரைடு படிகத்தின் மேல் கிடத்தினார்கள்; அந்தப் படிகத்தை வளர்த்துத் தந்தவர்கள் ஜப்பானின் வாத்தனாபேயும் தனிகுச்சியும். 2013-இல் அதே கொலம்பியாவில் தாளை இரண்டு போரான் நைட்ரைடு அடுக்குகளுக்கு நடுவே மூடி, அதன் ஓரத்தில் மட்டும் உலோகத்தைத் தொடவைத்தார்கள். அறை வெப்பநிலையிலேயே எலக்ட்ரான்களின் ஓட்டம் கோட்பாடு அனுமதிக்கும் எல்லையை நெருங்கியது. அணுக்களின் வெப்ப அதிர்வைத் தவிர வேறு தடை கிட்டத்தட்ட இல்லை. கணக்கும் கருவியும் இந்த முறை சந்தித்தது ஊகத்தாலோ குறையாலோ இல்லை. வாலஸின் காகிதத்தில் இருந்த தாளை நோக்கிக் கருவியின் தாளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததால்.

கணினிக்குள் எத்தனை அணு?

மறுபக்கமும் நகர்ந்தது. காகிதக் கணக்கு கணினிக்குப் போயிற்று. 1957-இல் ரால்ஃப் லாண்டவர் கடத்தலை ஒரு கேள்வியாக மாற்றியிருந்தார்: ஒரு முனையில் நுழையும் எலக்ட்ரான் அலை மறுமுனையில் வெளியேறும் வாய்ப்பு எவ்வளவு? அதைக் கணினியில் போடும் வழிமுறையை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர், கரக்பூர் ஐஐடியில் படித்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான சுப்ரியோ தத்தா.

ஆனால் ஒரு மைக்ரான் நீள அகலத் துண்டில் மட்டும் சுமார் 3.8 கோடி அணுக்கள் உண்டு. ஒவ்வோர் அணுவையும் கணக்கில் சேர்த்தால் கணினி திணறும். 2015-இல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் கோட்பாட்டாளர்கள் சுவிட்சர்லாந்தின் பாஸல் ஆய்வகத்தோடு சேர்ந்து ஒரு வழி சொன்னார்கள். அணுக்களுக்கிடையே உள்ள தூரத்தை நான்கு மடங்காக்கு, ஓர் அணுவிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வலிமையை நான்கில் ஒன்றாக்கு. எலக்ட்ரானின் வேகம் மாறாது, அணுக்களின் எண்ணிக்கை பதினாறில் ஒன்றாகும். அப்படிக் கணக்கிட்டு, பாஸலில் அளந்த வளைவுகளோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். எலக்ட்ரான் அலையின் நீளம் அந்தப் பொய்த் தூரத்தைவிட மிகப் பெரிதாக இருக்கும்வரைதான் இது செல்லும்.

கணினியில் போடும் தாளில் மின்முனைகள் குறையற்றவை. ஆய்வகத்தில் உலோகம் தொடும் இடமே ஒரு தடை. அதைத் தவிர்க்க இரண்டு முனைகளில் மின்சாரத்தை விட்டு, வேறு இரண்டு முனைகளில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். அப்போதும் முனைக்கருகே உலோகம் தாளுக்குள் எலக்ட்ரானைக் கொட்டுகிறது, அல்லது உறிஞ்சுகிறது. ஒப்பிடுபவர் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாசு எவ்வளவு, முனைத்தடை எவ்வளவு, ஓரம் எவ்வளவு கரடுமுரடு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கில் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு திருகு உண்டு. திருகுகள் கூடக்கூட எந்த வளைவையும் எந்த வளைவோடும் பொருத்திவிடலாம். 1950-களின் ‘நூறு’ நினைவிருக்கட்டும்.

தரமணி, கொலாபா, காந்திகிராமம்

திருகே இல்லாமல் முன்கூட்டிச் சொல்லும் கணக்குக்கு மதிப்பு அதிகம். 2007-இல் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து வினு லூகோஸ், ஆர். சங்கர், ஜி. பாஸ்கரன் மூவரும் அப்படியொன்றைச் சொன்னார்கள். கிராஃபீனைக் காந்தப்புலத்தில் வைத்தால் எலக்ட்ரானின் ஆற்றல்கள் படிக்கட்டுகளாகப் பிரியும். கூடவே குறுக்காக மின்புலம் கொடுத்தால் அந்தப் படிகள் நெருங்கும். மின்புலம் ஒரு வரம்பைத் தாண்டினால் படிக்கட்டே சரிந்துவிடும். ஒளிக்கு ஐன்ஸ்டைன் பயன்படுத்திய அதே கணிதம், இங்கே முந்நூறில் ஒரு பங்கு வேகத்தோடு. ஒரு டெஸ்லா காந்தப்புலத்துக்கு அந்த வரம்பு மைக்ரானுக்கு ஒரு வோல்ட். காகித விடையைக் கணினியில் அணுக்கூட்டின் கணக்கோடும் சரிபார்த்தார்கள்.

மும்பை கொலாபாவில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் விபோர் சிங்கும் மந்தார் தேஷ்முக்கும் 2009-இல் ஆய்வகப் பக்கத்திலிருந்து அந்தப் படிக்கட்டை அணுகினார்கள். காந்தப்புலத்தில் தடையின்றி ஓடும் மின்சாரத்தை மேலும் மேலும் கூட்டி, எந்தக் கட்டத்தில் அந்த நிலை உடைகிறது என்று அளந்தார்கள். ஒரு படியிலுள்ள அலை அடுத்த படியோடு கலப்பதால் அது உடைகிறது என்று விளக்கினார்கள். முழுச் சரிவு வரும் முன்பே படிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. உண்மைத் தாளில் வரம்பு மெல்ல மெல்லக் கரைகிறது.

இனி நம் மாவட்டம். திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில் போனால் சின்னாளபட்டியை ஒட்டி, சிறுமலை தெரியும் தூரத்தில், காந்திகிராமம். சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கியது. 1956-இல் கிராமியக் கல்வி நிறுவனமாகி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதன் வேதியியல் துறையிலிருந்து எம். அமல்ராஜ், எஸ். ஆபிரகாம் ஜான் இருவரும் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிராஃபீன் ஆக்சைடு தாள்களைக் கார்பன் மின்முனையின்மேல் தாமாகவே ஒட்டிக்கொள்ளும்படி படியவைத்து, பிறகு மின்னழுத்தத்தால் அவற்றிலிருந்து ஆக்சிஜனை அகற்றும் முறை அது.

இது மான்செஸ்டர் தாளிலிருந்து வெகுதூரம் விலகிய தாள். கிராஃபைட்டை வலுவான அமிலத்தில் ஆக்சிஜனேற்றிப் பிரித்தால் கிராஃபீன் ஆக்சைடு தண்ணீரில் கலந்து கிடைக்கும். மலிவு, ஆனால் மின்சாரம் ஓடாது. ஆக்சிஜன் பிடித்த இடங்களில் அறுகோண வலையின் எலக்ட்ரான் பாதை அறுந்துகிடக்கிறது. ஆக்சிஜனை அகற்றினால் பாதை திரும்பும், முழுவதும் திரும்பாது. ஓட்டைகளும் ஒட்டுகளும் மிஞ்சும். இருந்தும் உணரிகளுக்கு இந்தத் தாளே உகந்தது. அந்தக் குறைகளில்தான் மூலக்கூறுகள் வந்து வினைபுரிகின்றன.

மின்வேதியியல் ஆய்வகங்களில் கணக்கும் கருவியும் சந்திப்பது வேறு முறையில். மாறுமின்னழுத்தத்தை வெவ்வேறு அதிர்வெண்களில் கொடுத்து மின்முனையின் எதிர்ப்பை அளப்பார்கள். பிறகு தடையும் மின்தேக்கியும் கொண்ட ஒரு கற்பனைச் சுற்றை எடுத்து, அதன் வளைவை அளந்த புள்ளிகளின்மேல் பொருத்துவார்கள். ஜான் ராண்டில்ஸ் என்பவர் அந்தச் சுற்றை முன்வைத்ததும் 1947-இல்தான். வளைவு புள்ளிகளின்மேல் அழகாக உட்கார்ந்தால் மனம் நிறையும். ஆனால் வெவ்வேறு சுற்றுகள் ஒரே வளைவைத் தரும் என்பது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து.

கிருஷ்ணனின் பத்தாயிரம், வாலஸின் நூறு, மான்செஸ்டரின் நான்கு, கோட்பாட்டின் 1.27. இவற்றில் ஒன்றையாவது பொய்யென்று ஒதுக்க முடியுமா? ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தாளைப் பற்றிய எண். எண்கள் மோதிய ஒவ்வொரு முறையும் சாய்வோ வெடிப்போ மாசுத் தேக்கமோ துண்டின் வடிவமோ, ஒளிந்திருந்த ஒன்று அகப்பட்டது. எண்கள் அவசரமாக ஒத்துப்போன இடத்தில்தான் பத்தாண்டுகள் வீணாயின. ஆகவே கணக்கும் அளவும் பொருந்திவிட்டன என்று இனி யாராவது சொன்னால், வத்திராயிருப்புக்காரரின் வழிவந்தவர்கள் கேட்க வேண்டியவை மூன்று: எந்தத் துண்டு, எப்படிப்பட்ட முனை, எத்தனை திருகு?

மிகத் தூய தாள் கையில் கிடைத்தபோது இந்தக் கேள்விகளுக்கும் மீறிய ஒன்று நடந்தது. நல்ல மின்கடத்தி வெப்பத்தையும் அதே விகிதத்தில் கடத்தும் என்பது 1853-இலிருந்து பாடப்புத்தகங்களில் உள்ள வீடமன்–ஃபிரான்ஸ் விதி. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் அரிந்தம் கோஷ் குழுவினர் 2025-இல் வெளியிட்ட அளவுகளில், கிராஃபீன் அந்த விதியிலிருந்து இருநூறு மடங்குக்கும் மேல் விலகியது. இந்த முறை மாசைக் குற்றம்சாட்ட வழியில்லை; எலக்ட்ரான்கள் கூட்டமாகத் திரவம்போலப் பாய்கின்றன. அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)